உங்கள் கண்ணில் குறைவது தண்ணீரா, எண்ணெயா? - 'டிரை ஐ' டெஸ்ட்டுகள் பற்றி ஒரு முழு கைடு!

ராத்திரி 11 மணி. லைட்டை அணைத்துவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல். கசக்கினால் தண்ணீர் வருகிறது. 'கண்ணுதான் ஈரமா இருக்கே... அப்புறம் என்ன' என்று மறுபடியும் போனுக்குத் திரும்புகிறீர்கள். ஒரு வாரம் கழித்தும் அது போகவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், "அண்ணா, கண் எரிச்சலுக்கு ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்று வாங்கி விட்டுக்கொள்கிறீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. மூன்றாம் நாள் மறுபடியும் மணல்.

இது பலருக்கும் நடப்பதுதான். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். சோர்வாக இருந்தால் சுகர் டெஸ்ட் எடுக்கிறோம். கண் வறண்டால் மட்டும் அளந்து பார்க்காமலே மருந்து விட்டுக்கொள்கிறோம். ஆனால், கண்ணீரையும் அளக்க முடியும். அது எவ்வளவு சுரக்கிறது, எத்தனை விநாடி தாங்குகிறது, அதில் உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் டெஸ்ட் இருக்கிறது.

அளப்பது ஏன் அவசியம்? 'டிரை ஐ' என்பது ஒரே பிரச்னை இல்லை. சிலருக்குத் தண்ணீர் குறைவு. சிலருக்கு எண்ணெய் குறைவு. சிலருக்கு இரண்டுமே. இரண்டுக்கும் உறுத்தல் ஒன்றுதான். சிகிச்சை வேறு வேறு.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை!

அழும்போது வழிவது மட்டும் கண்ணீர் இல்லை. நீங்கள் சிரிக்கும்போதும், சண்டைபோடும்போதும், இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கருவிழியின் மேல் ஒரு கண்ணீர்ப் படலம் விரிந்தே இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 3 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

இந்த மெல்லிய படலத்துக்குள் மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன.

சளிப்பொருள்: கருவிழியை ஒட்டி அடியில் இருப்பது. மியூசின் என்று பெயர். விழியின் மேல் தண்ணீர் உருண்டு ஓடிவிடாமல், சமமாகப் பரவி ஒட்டிக்கொள்ள இதுதான் உதவுகிறது.

தண்ணீர்: நடுவில் இருப்பது. கண்ணுக்கு மேற்புறம், நெற்றிப்பொட்டை ஒட்டிய பக்கத்தில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து முக்கியமாக வருகிறது. உப்புகள், புரதங்கள், கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் எல்லாம் இதில்தான் கரைந்திருக்கின்றன. மியூசினும் இதில் கலந்தே இருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே ஜெல் போலப் பார்க்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள்.

எண்ணெய்: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. இமை ஓரத்தில், முடி முளைக்கும் வரிசைக்குச் சற்று உள்ளே, ஊசி முனை அளவில் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே இந்த எண்ணெய் வருகிறது. மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். 1666-ல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மெய்போம் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒவ்வோர் இமையிலும் இருபதுக்கு மேல் இருக்கும்.

'கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? ஊற்ற வேண்டியதே இல்லை. கண்ணே தனக்கு வேண்டிய எண்ணெயைச் சுரந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைகள் அந்த எண்ணெயைப் பிழிந்தெடுத்து, படலத்தின் மேல் பூசிவிடுகின்றன. அந்த மூடி சரியாக இருந்தால்தான் கீழே உள்ள தண்ணீர் ஆவியாகாமல் நிற்கும்.

போனால் கண் கெடுவதாகச் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டுவதும் அரைகுறைதான்; மேல் இமை பாதிவழி வந்துவிட்டுத் திரும்பிவிடும். எண்ணெய் பிழியப்படுவதில்லை, பூசப்படுவதும் இல்லை. மேலே ஃபேன், பக்கத்தில் ஏ.சி. அப்புறம் படலம் எப்படி நிற்கும்?

வறண்ட கண்ணில் ஏன் தண்ணீர் கொட்டுகிறது?

'எனக்கு கண்ணுல தண்ணியா வருது, எனக்குப் போய் டிரை ஐ-யா?' என்று பலரும் டாக்டரிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

படலம் அங்கங்கே உடைந்து கருவிழி வெறுமையாகும்போது, அங்கே உள்ள நரம்புகள் மூளைக்கு 'அவசரம்' என்று செய்தி அனுப்புகின்றன. கண்ணீர்ச் சுரப்பி உடனே தண்ணீரைக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருகிற அதே அவசரக் கண்ணீர்தான். எண்ணெய் மூடியே சரியில்லாத கண்ணில் அந்தத் தண்ணீர் கன்னத்தில் வழிந்ததுபோக மிச்சமும் நிலைத்து நிற்பதில்லை. மீண்டும் வறட்சி, மீண்டும் வெள்ளம். அதனால், பைக்கில் போகும்போது காற்று பட்டாலே கண்ணீர் வழிகிறது என்றால், அது கண் ஈரமாக இருப்பதற்கான சாட்சி இல்லை. வறட்சிக்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

இதை 'மெட்ராஸ் ஐ'யுடன் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மெட்ராஸ் ஐ திடீரென வரும். கண் நன்றாகச் சிவக்கும். காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். டிரை ஐ யாருக்கும் தொற்றாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்து வந்து போகும்.

சரி, டெஸ்ட்டுகளுக்குப் போவோம்.

முதல் டெஸ்ட்: சில கேள்விகள்

கருவி எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வித்தாள். அதிகம் பயன்படுவது ஓ.எஸ்.டி.ஐ. மொத்தம் 12 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் வெளிச்சம் பட்டால் கண் கூசியதா, மணல் போல உறுத்தியதா, படிக்கும்போது, இரவில் வண்டி ஓட்டும்போது, கம்ப்யூட்டர் பார்க்கும்போது சிரமம் இருந்ததா, காற்றிலும் ஏ.சி-யிலும் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். பதில்களைக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

'கண்ணுல பிரச்னைன்னு வந்தா பேப்பரைக் கையில குடுக்கிறாங்களே' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு உங்கள் கண் முன்னேறியிருக்கிறதா என்று ஒப்பிட இந்த மதிப்பெண்தான் உதவும். கூடவே நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். அலர்ஜி, சளி மாத்திரைகளில் சில, முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், சில மனஅழுத்த மருந்துகள் போன்றவை கண் வறட்சியை உண்டாக்கலாம். பருவுக்குச் சாப்பிடும் மாத்திரையைக் கண் டாக்டரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

படலம் எத்தனை விநாடி தாங்குகிறது?

டிரை ஐ பரிசோதனைகளில் இதுதான் மையம். படலம் உடையும் நேரம். சுருக்கமாக டி.பி.யூ.டி.

ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்ன காகிதத் துண்டை நனைத்து, கீழிமையின் உட்புறத்தில் லேசாகத் தொடுவார்கள். வலிக்காது. சில முறை கண் சிமிட்டச் சொல்வார்கள். பிறகு, 'கண்ணைச் சிமிட்டாம நேரா பாருங்க' என்பார்கள். ஸ்லிட் லாம்ப் என்ற மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம் போட்டால், உங்கள் கண்ணீர் முழுக்கப் பச்சையாக ஒளிரும். சில விநாடிகளில் அந்தப் பச்சையில் எங்கோ ஒரு கறுப்புப் புள்ளியோ கோடோ தோன்றும். படலம் அங்கே உடைந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாகச் சிமிட்டியதிலிருந்து அந்தப் புள்ளி தோன்றும் வரை எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. பொதுவாக மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பார்கள்.

10 விநாடிக்குக் குறைவாக இருந்தால் படலம் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 5 விநாடிக்கும் கீழே போனால் பிரச்னை தீவிரம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாயத்தைச் சேர்ப்பதே படலத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறது. அதனால், சாயமே இல்லாமல் அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. உங்கள் கருவிழியின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களைப் பிரதிபலிக்கச் செய்து, கேமராவில் படம் பிடிக்கும். 19-ம் நூற்றாண்டின் போர்ச்சுகீசிய கண் மருத்துவர் அன்டோனியோ பிளாசிடோ பெயரால் வழங்கும் வட்டங்கள் இவை. குளத்தில் விழும் நிழல் நீர் அசைந்தால் கலைவது போல, படலம் உடையும் இடத்தில் வட்டம் நெளியும். எந்த விநாடியில், எந்த இடத்தில் என்பதை கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். இங்கும் 10 விநாடிதான் எல்லைக்கோடு.

வீட்டில் சும்மா பார்க்க ஒரு வழி: இரண்டு முறை முழுசாகக் கண் சிமிட்டிவிட்டு, சிமிட்டாமல் எத்தனை விநாடி சௌகரியமாக இருக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 10 வரைகூட எண்ண முடியாமல் எரிகிறது என்றால், அது டாக்டரைப் பார்க்கச் சொல்லும் ஒரு ஜாடை. டயக்னோசிஸ் இல்லை.

தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா?

இதற்கு 120 வருடத்துக்கும் மேல் பழைமையான ஒரு டெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1903-ல் ஜெர்மானிய கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் சொன்ன முறை. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளத்தில் வடிகட்டும் காகிதம். அதன் நுனியை மடித்து, கீழிமையின் வெளி ஓரப் பக்கம் மாட்டிவிடுவார்கள். 5 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காகிதம் எத்தனை மி.மீ. நனைந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

10 மி.மீ-க்கு மேல் நனைந்தால் பொதுவாகப் பிரச்னை இல்லை. 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் தண்ணீர்ச் சுரப்பு நிஜமாகவே குறைவு. நடுவில் இருந்தால் மற்ற டெஸ்ட்டுகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

காகிதம் கண்ணில் பட்டதுமே உறுத்தி, அவசரக் கண்ணீர் வந்துவிடலாம். அதனால் சில டாக்டர்கள் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டுவிட்டுச் செய்வார்கள். சொட்டு விட்டு எடுத்த அளவும் விடாமல் எடுத்த அளவும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் எப்படி எடுத்தது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இன்றைக்கு 12, அடுத்த வாரம் 8 என்று மாறுவதும் இந்த டெஸ்ட்டில் சகஜம்.

காகிதத்துக்குப் பதில் நூல் வைப்பதும் உண்டு. ஃபீனால் ரெட் என்ற சாயம் தோய்ந்த மஞ்சள் நூல். கண்ணீர் பட்ட இடம் சிவப்பாகும். 15 விநாடிதான். 10 மி.மீ-க்குக் குறைவாகச் சிவந்தால் தண்ணீர் குறைவு எனச் சந்தேகிப்பார்கள்.

எதையும் மாட்டாமல் பார்க்க இன்னொரு வழி, கீழிமை ஓரத்தில் தேங்கி நிற்கும் கண்ணீரின் உயரத்தை அளப்பது. டம்ளரில் தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறி நிற்கும் இல்லையா, அதேபோல இமை ஓரத்தில் ஒரு மெல்லிய கண்ணீர்க் கோடு நிற்கும். அது 0.2 மி.மீ-க்கும் கீழே போனால் கண்ணீரின் அளவு குறைந்திருக்கிறது.

உப்பு ஏறிவிட்டதா?

சாம்பாரைச் சுண்டவிட்டால் உப்புக் கரிக்கும். உப்பு கூடவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கண்ணீரும் அப்படித்தான். சுரப்பது குறைந்தாலும் சரி, ஆவியாவது கூடினாலும் சரி, மிச்சமிருக்கும் கண்ணீரில் உப்பின் செறிவு ஏறிவிடும். அந்தச் செறிவே விழியின் மேற்பரப்பைப் புண்படுத்தி அழற்சியை உண்டாக்கும். அழற்சி வந்தால் கண்ணீர் இன்னும் கெடும். டிரை ஐ தானாகவே மோசமாகிக்கொண்டு போவதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம்.

இதை அளப்பது ஆஸ்மோலாரிட்டி டெஸ்ட். பேனா மாதிரி ஒரு கருவியின் நுனியால் இமை ஓரத்தில் தொட்டால் போதும். ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துளி கண்ணீரை வைத்தே சில விநாடிகளில் எண் வந்துவிடும். லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோலோ அதற்கு மேலோ இருந்தால் பிரச்னை. இரண்டு கண்களுக்கும் இடையில் 8-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் பிரச்னைதான். ஆரோக்கியமான கண்களில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். எல்லா ஊர் கிளினிக்குகளிலும் இந்தக் கருவி இருக்காது. அது இல்லாமலும் டிரை ஐ-யைக் கண்டுபிடிக்க முடியும்.

எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்கின்றனவா?

டிரை ஐ உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். தண்ணீர் வருகிறது, எண்ணெய் மூடி சரியில்லை.

முதலில் டாக்டர் இமை ஓரத்தை விரலாலோ, சின்னக் கருவியாலோ மெல்ல அழுத்திப் பார்ப்பார். நல்ல சுரப்பியிலிருந்து தேங்காய் எண்ணெய் வெயில் காலத்தில் இருப்பதுபோலத் தெளிவாக வரும். அடைபட்ட சுரப்பியிலிருந்து மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாக வரும். சிலருக்கு டூத்பேஸ்ட் மாதிரி. சிலருக்கு எதுவுமே வராது.

அடுத்தது மெய்போகிராபி. இமையை மெல்ல மடக்கி, அகச்சிவப்புக் கதிர் கேமராவில் சுரப்பிகளைப் படம் எடுப்பது. பியானோ கட்டைகள் போல வரிசையாக, நீளமாகத் தெரிய வேண்டும். பாதியில் அறுந்தும், சுருங்கியும், இடையிடையே வெறுமையாகவும் தெரிந்தால் சுரப்பிகள் அழியத் தொடங்கிவிட்டன. அழிந்த சுரப்பியை மறுபடி வளர்ப்பது மிகவும் கடினம். இருப்பதைக் காப்பாற்றுவதே சிகிச்சையின் நோக்கம். 'சும்மா எரிச்சல்தானே' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இந்தப் படம் ஒன்றே போதும்.

மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல், வானவில் நிறம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது வரும் நிறங்கள் அவை. அதே தத்துவத்தில் உங்கள் கண்ணின் எண்ணெய் மூடி எவ்வளவு தடிமன் என்று கணக்கிடும் கருவியும் இருக்கிறது. இன்டர்ஃபெரோமெட்ரி என்று பெயர்.

சேதம் ஏற்பட்டிருக்கிறதா?

படலம் அடிக்கடி உடைந்தால் விழியின் மேற்பரப்பில் சின்னச் சின்னச் சிராய்ப்புகள் வரும். ஃப்ளோரசின் சாயம் கருவிழியில் உள்ள சேதத்தைக் காட்டும். லிஸ்ஸமின் கிரீன் என்ற பச்சைச் சாயம் வெள்ளை விழியிலும் இமை விளிம்பிலும் உள்ள சேதத்தைக் காட்டும். கருவிழியில் 5 புள்ளிகளுக்கு மேல் சாயம் பிடித்தால் கவனிக்க வேண்டிய சேதம்.

அழற்சியைக் கண்டுபிடிக்கவும் ஒரு கிட் உண்டு. எம்.எம்.பி-9 என்ற பொருள் கண்ணீரில் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. பார்ப்பதற்கு பிரெக்னன்சி டெஸ்ட் கிட் மாதிரியே இருக்கும். சுமார் 10 நிமிடத்தில் கோடு விழும்.

ஒரே ஒரு நம்பரை வைத்து ஏன் முடிவு சொல்வதில்லை?

இத்தனை டெஸ்ட் எதற்கு, பெஸ்ட் ஆக ஒன்றை மட்டும் எடுத்தால் போதாதா என்று தோன்றும். பிரச்னை என்னவென்றால், டிரை ஐ-யில் உணர்வும் அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கண் நெருப்பாக எரிகிறது என்பவரின் கருவிழி பளிங்கு மாதிரி இருக்கும். கருவிழி முழுக்கச் சிராய்ப்பு உள்ள ஒருவர், 'எனக்கு ஒண்ணும் தெரியலையே' என்பார். நீண்ட நாள் சேதத்தால் நரம்புகள் மரத்துப்போனாலும் வலி தெரியாது. சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கும் இப்படி ஆகலாம்.

அதனால்தான் டி.எஃப்.ஓ.எஸ். என்ற சர்வதேச அமைப்பின் நிபுணர்கள் 2017-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு வழி சொன்னது. கேள்வித்தாளில் அறிகுறி இருக்க வேண்டும். கூடவே, படலம் 10 விநாடிக்குள் உடைவது, உப்புச் செறிவு கூடியிருப்பது, சாயம் காட்டும் சேதம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டிரை ஐ. பிறகு, தண்ணீரா, எண்ணெயா என்று பிரிப்பதற்கு மற்ற டெஸ்ட்டுகள்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு உறுத்தல் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு 26 வயது, நாள் முழுக்க ஏ.சி. ஆபீஸில் லேப்டாப். அவனுக்கு ஷிர்மர் 18 மி.மீ., படலம் 4 விநாடியில் உடைகிறது, இமையை அழுத்தினால் கெட்டியான எண்ணெய். தண்ணீர் இருக்கிறது, மூடி இல்லை. அவனுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், இமை சுத்தம், எண்ணெய் கலந்த சொட்டு மருந்து, சிமிட்டும் பழக்கம் ஆகியவைதான் முக்கியம். அம்மாவுக்கு 48 வயது. ஷிர்மர் 3 மி.மீ., வாயும் வறள்கிறது, விரல் மூட்டுகளில் வலி. அவருக்குச் சுரப்பே குறைவு. செயற்கைக் கண்ணீர் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஷோக்ரன் நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

1933-ல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் விவரித்த நோய் அது. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும். பெண்களுக்குத்தான் மிக அதிகம் வருகிறது. இன்று அந்த நோயை வகைப்படுத்தும் மதிப்பெண் பட்டியலில் ஷிர்மர் 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

மகனின் சொட்டு மருந்தையே அம்மாவும் விட்டுக்கொண்டிருந்தால்? எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும். அந்த நோய் மறைந்தே இருந்திருக்கும். இதுதான் அளக்காமல் மருந்து விடுவதில் உள்ள ஆபத்து.

டெஸ்ட்டுக்குப் போகும் முன்...

* அன்று காலை கண் மை, காஜல், ஐலைனர் வேண்டாம். அவை படலத்தில் கலந்து அளவைக் கெடுக்கும்.

* டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது 2 மணி நேரம் எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த வேறு கண் மருந்து என்றால், அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

* கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எப்போது கழற்ற வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃப்ளோரசின் சாயம் சாஃப்ட் லென்ஸில் ஏறிக்கொள்ளும்.

* டூ வீலரில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். வெயிலில், காற்றில் வந்தவுடனே அளக்காமல் சற்று நேரம் உள்ளே உட்கார்ந்திருங்கள்.

* கண்ணைத் தொடாத டெஸ்ட்டுகளை முதலிலும், சாயம், காகிதம், இமையை அழுத்துவது போன்றவற்றைப் பிறகும் செய்வதுதான் முறை. முதலிலேயே உறுத்திவிட்டால் அடுத்த அளவுகள் எல்லாம் மாறிவிடும்.

* சாயம் போட்ட பிறகு மூக்கைச் சிந்தினால் மஞ்சளாக வரலாம். பயப்பட வேண்டாம். கண்ணீர் மூக்கு வழியாகத்தான் வடிகிறது.

மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து... உஷார்!

கண்ணைச் 'சட்டென வெள்ளையாக்கும்' சொட்டு மருந்துகள் ரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். அதைவிட ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. விட்டவுடன் சுகமாக இருக்கும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடி க்ளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

செயற்கைக் கண்ணீரிலும் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால், பிரிசர்வேட்டிவ் இல்லாத வகையை டாக்டரிடம் கேளுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் விழியின் மேற்பரப்பையே உறுத்தும். ஒரு நேரத்தில் ஒரு சொட்டு போதும். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீரைவிட அந்த ஒரு சொட்டே பல மடங்கு அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான்.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, தேன் இவற்றையெல்லாம் நேராகக் கண்ணில் விடுவது கிருமித் தொற்றை விலை கொடுத்து வாங்குவது போல.

வீட்டில் செய்யக்கூடியது ஒத்தடம். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் சுத்தமான துணியை மூடிய இமைகளின் மேல் 10 நிமிடம் வைக்கலாம். துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இடையிடையே மாற்ற வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்து, தூரமாகப் பார்த்து, இமைகள் நன்றாகத் தொடும்படி சில முறை சிமிட்டுங்கள். ஃபேன் காற்று முகத்தில் நேராக விழாதபடி தலையணையை மாற்றிப் போடுங்கள்.

யாருக்குக் கட்டாயம்?

லேசிக் செய்யப்போகிறவர்களுக்கு. 'கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிடணும்' என்று தேதி குறித்துவிட்டு அவசரமாக வருபவர்கள் நிறைய. லேசிக்கில் கருவிழியின் நரம்புகள் சில வெட்டுப்படுவதால், பிறகு சில மாதங்களுக்கு வறட்சி கூடுவது சகஜம். ஏற்கெனவே டிரை ஐ இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போக வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குத் தயாராகும் உங்கள் அப்பா, அம்மாவுக்கும் இது பொருந்தும். கண்ணீர்ப் படலம் சரியில்லாவிட்டால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் அளவே தவறலாம்.

நீண்ட நாளாக கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள், மூட்டுவலியோ வாய் வறட்சியோ சேர்ந்து இருப்பவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் ஆகியோரும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

கடுமையான வலி, திடீரெனப் பார்வை மங்குவது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாதது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் எது இருந்தாலும் டிரை ஐ என்று காத்திருக்காதீர்கள். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே கிளம்புங்கள்.

டாக்டரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்

1. எனக்குக் குறைவது தண்ணீரா, எண்ணெயா, இரண்டுமா?

2. படலம் எத்தனை விநாடி தாங்குகிறது? ஷிர்மர் எவ்வளவு?

3. இந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எத்தனை நாள் விட வேண்டும்?

4. மறுபடி எப்போது அளந்து பார்க்க வேண்டும்?

பெரிய கருவிகள் உள்ள மருத்துவமனைதான் வேண்டும் என்றில்லை. ஃப்ளோரசின் சாயமும், ஷிர்மர் காகிதமும், ஸ்லிட் லாம்ப்பும் பெரும்பாலான கண் மருத்துவர்களிடம் இருக்கும். தண்ணீரா எண்ணெயா என்ற கேள்விக்கு அவை மூன்றை வைத்தே பல நேரம் விடை கிடைத்துவிடும். கிடைக்கும் எண்களைத் தேதியோடு போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு 4 விநாடி 8 ஆகியிருக்கிறதா, 3 மி.மீ. அங்கேயே நிற்கிறதா என்று அடுத்த முறை நீங்களும் டாக்டரும் சேர்ந்தே பார்க்கலாம்.